ஜொகூரில் காயாத ஒரு படம்

எங்கள் நாடகக் கம்பெனி சிங்கப்பூரில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு ஊருக்குக் கப்பலேறியபோது ஆர்மோனியம் ஏறியது, ராஜபார்ட்டின் கிரீடங்கள் ஏறின, நான் திரைச்சீலையில் எழுதிய காட்டு சீனும் அரண்மனை சீனும் சுருட்டிக் கட்டப்பட்டு ஏறின. சீன் எழுதிய நான் மட்டும் ஏறவில்லை. அயல்நாட்டில் தங்கிப் பார்க்கும் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜொகூர் பாருவிலிருந்து வந்த ஒருவர் துறைமுகத்தில் என் கையைப் பிடித்தார். விடச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குள் கப்பல் போய்விட்டது.

கையைப் பிடித்தவர் பெயர் மாணிக்கம். ரோடு போடுகிற இடங்களுக்கெல்லாம் கல் சப்ளை செய்கிற காண்ட்ராக்டர். முதல்நாள் ஆட்டத்தில் அரண்மனை சீனைப் பார்த்திருக்கிறார். அதில் சுவரிலே சட்டம் போட்டு மாட்டியதுபோல ஒரு ராஜமாதாவை நான் எழுதியிருந்தேன். நாடகம் முழுக்க அவர் ராஜமாதாவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வில்லன் செத்ததைக்கூடக் கவனிக்கவில்லையாம்.

"அண்ணே, அந்த மாதிரி எங்க அக்காவ எழுதணும். புது வீட்டு ஹால்ல மாட்டணும்."

"அது பொடிவர்ணமும் வச்சிரப் பசையும். சாரல் அடித்தால் ராஜமாதா கரைந்து கீழே நிற்கிற சேவகன் தலையில் வழிவாள்" என்றேன்.

"அப்ப எண்ணெயில எழுதுங்க. எங்க ஊரு சீனப் பல் டாக்டர் வீட்டுல எண்ணெய்ப் படம் ஒண்ணு மாட்டியிருக்கு. எத்தனை வருச மழைய பாத்துருச்சு, ஒண்ணும் ஆகல."

"எனக்கு எண்ணெய் வர்ணம் தெரியாதே!"

"கத்துக்குங்க. நான் இந்தச் சீமைக்கு வந்தப்ப எனக்கு ரோடு போடத் தெரியுமா?"

அடுத்த கப்பல் வரைக்கும் எனக்குப் போக வேறு இடம் இல்லை.

சிங்கப்பூரையும் ஜொகூரையும் கல்லைக் கொட்டிச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். கடலுக்கு நடுவே அந்தக் கல்மேட்டின் மேல் ரயில் போகிறது. புதுசு. எனக்குப் புதுசு என்றாலே பயம். இரண்டு பக்கமும் தண்ணீர். நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, என் பிடியால்தான் ரயிலே சாயாமல் போகிறது என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். மாணிக்கம் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க அண்ணே, இந்தக் கல்லுல கொஞ்சம் நம்ம கல்லு" என்றார். காண்ட்ராக்டர் ஒருவர் தன் சரக்கின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை நமக்கும் வந்துவிடுமா? கரை வந்த பிறகுதான் கம்பியை விட்டேன். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

மாணிக்கத்தின் மனைவி செல்லம் வாசலிலேயே, "பசியாறிட்டீங்களா?" என்றார். அந்த ஊர்த் தமிழில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேர். நம் ஊரில் "டிபன் ஆச்சா?" என்று கேட்கிறோம், ஆகவில்லை என்றால் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். செல்லம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடியாப்பம், தேங்காய்ப்பால், பக்கத்தில் சிவப்பாக ஒரு சம்பால். சம்பாலில் பெலாச்சான் என்று இறாலைப் புளிக்கவைத்த ஒரு வஸ்துவைச் சேர்க்கிறார்கள். வாசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் இரண்டாம் நாளே நான் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

புது வீடு. பளபளவென்று சிமெண்டுத் தரை. ஹாலை ஒட்டி ஒரு அறை. அதில் கட்டில், மெத்தை, கண்ணாடி, தேய்த்துத் தேய்த்துத் தங்கம் மாதிரி ஆக்கி வைத்த பித்தளைப் படிக்கம். யாரும் தங்கியதற்கான அடையாளமே இல்லை.

"அக்காவுக்குப் போட்ட ரூம்பு" என்றார் மாணிக்கம். "ஒரு ராத்திரிகூடப் படுக்கல. வராதுங்குது. அதான், படமாவது வரட்டும்னு."

அக்காள் அங்கம்மாள் சிம்பாங் ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். மறுநாள் கல் லாரியில் என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார் மாணிக்கம். வழியில் மழை. சிவப்புச் சேற்றில் லாரி அச்சுவரை இறங்கிவிட்டது. ரோடு போடுகிறவரின் லாரியே ரோட்டில் புதைந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். தள்ளியதில் என் செருப்பில் ஒன்று ஜொகூருக்குச் சொந்தமாகிவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. எங்கே திரும்பினாலும் அதே மரம், அதே வரிசை. எங்கள் காட்டு சீனில் சோம்பேறித்தனமாக ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப எழுதியதற்காக மானேஜர் என்னைத் திட்டியிருக்கிறார். அவரை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று பட்டது.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அதன் கடைசி வீட்டு வாசலில் அங்கம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சேலை, தலைமேல் முந்தானை. சின்ன வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலில் வந்தவர். களை பிடுங்கி, ரப்பர் பால் வெட்டி, அவனை ஆளாக்கியவர். புருஷனையும் இந்தத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்துவிட்டு இன்னும் அதே லயத்தில் இருந்தார். ஒற்றைச் செருப்போடு நின்ற என்னைப் பார்த்து, "இன்னொண்ண எங்க அடகு வெச்ச?" என்று கேட்டுவிட்டு ஓஹோவென்று சிரித்தார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

மாணிக்கம் விஷயத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றது.

"படமா? செவுத்துல மாட்டறதுக்கா? ஏண்டா, நான் செத்தா போயிட்டேன்?"

"அதுக்கில்லக்கா..."

"எதுக்கில்ல? எந்த வீட்டுல உசுரோட இருக்கறவள செவுத்துல மாட்டி வெச்சிருக்கான்? இன்னிக்கி படம்பே, நாளைக்கி மாலைம்பே. போ லா, போ."

"அப்ப வீட்டுக்காச்சும் வா. செல்லம் உனக்காக எல்லாம் செஞ்சு வெச்சிருக்கு."

"செஞ்சு வெச்சிருக்கா, படிக்கம்! வீடு குடிபோன அன்னிக்கே, 'அக்கா இதுல துப்புங்க'ன்னு எங் கைல குடுத்தா. சிமெண்டுத் தரை அழுக்காயிருமாம். நான் துப்பித்தாண்டா உன்ன வளத்தேன்."

திரும்புகிற வழியெல்லாம் நான் மனசுக்குள் ரகசியமாகச் சந்தோஷப்பட்டேன். அக்காள் மறுத்துவிட்டார், ஆகையால் எண்ணெய் வர்ணம் தப்பியது, நான் தப்பினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது மாணிக்கம், "அக்காவ நான் பாத்துக்கறேன். நீங்க நாளைலேருந்து கத்துக்கப் போங்க. பல் டாக்டர் மகள்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். பிடித்துக்கொள்ள அங்கே ஜன்னல் கம்பிகூட இல்லை.

பல் டாக்டரின் மகள் மிஸ் லிம்முக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் கற்றுக்கொடுத்துவிட்டு அப்பாவோடு இருக்க வந்தவர். நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல மலாயில் பேசுவார். என் மலாயில் பாதி தின்பண்டங்களின் பெயர். மீதிக்கு நாடக மேடையில் துரை வேஷக்காரன் பேசுகிற இங்கிலீஷ் இருந்தது. அதையும் இதையும் வைத்து ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம்.

அவர் என் கையைப் பார்த்தார், நான் கரியால் போட்டுக்காட்டிய முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னது இதுதான்: "உயிருள்ள முகத்துக்கு அப்புறம் போகலாம். முதலில் இந்த அம்மாளைப் பிரதி எடுங்கள். எடுத்து முடிக்கும்வரை வேறு யாரையும் எழுதக்கூடாது."

அந்த அம்மாள் சுவரில் இருந்தாள். எப்போதோ ஒரு டச்சுக்கார மேதை எழுதியது, அதை வேறொருவர் எண்ணெயிலேயே பிரதி எடுத்தது, டாக்டர் எங்கோ ஏலத்தில் வாங்கி மாட்டியது. வயதான அம்மாள். தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, கறுப்பு உடுப்பு, பின்னால் இருட்டு. உதடுகளை அழுத்தி மூடியிருந்தாள். அவளை அங்கே மாட்டியதற்குக் காரணம் உண்டு. அந்த இடம்தான் பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள் காத்திருக்கும் அறை. அவளைப் பார்த்தாவது வாயை மூடிக்கொண்டு உட்காரட்டும் என்றுதான்.

ஆக, நான் எண்ணெய் வர்ணம் கற்றது அலறல்களுக்கு நடுவே. அடுத்த அறையில் டாக்டர் குறடைப் போட்டு இழுக்கும்போதெல்லாம் என் பிரஷ் துள்ளும். முதல்நாள் அம்மாளின் காது தாடைக்கு வந்துவிட்டது. காத்திருக்கும் நோயாளிகளுக்கோ பொழுது போகவில்லை, வலியை மறக்க வேண்டும், எனவே எல்லாரும் சித்திர விமர்சகர்கள் ஆனார்கள்.

சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காதர் பாய் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு தினமும் வருவார், பிடுங்கும் முறை வந்ததும் நாளைக்கு என்று எழுந்து போய்விடுவார். அவர் கேட்டார்:

"ஏன் அண்ணே, அந்த அம்மாவுக்குப் பல்லு இருக்கா?"

"வாய் மூடியிருக்கிறதே பாய், எனக்கெப்படித் தெரியும்?"

"இருக்காது. இருந்தா இவ்ளோ நிம்மதியா உக்காந்திருக்குமா?"

மிஸ் லிம்மின் பாடங்கள் என் பல வருஷப் பிழைப்பைத் தலைகீழாகப் புரட்டின. நான் முதலில் கறுப்பில் கோடு போட்டு, உள்ளே வர்ணம் நிரப்புகிறவன். அவர் கோட்டை அழித்தார். "முகத்தில் கோடு கிடையாது" என்றார். எங்கள் ராஜாக்களுக்கு மீசை, புருவம், வீரம் எல்லாமே கோடுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், மலாய் வரவில்லை. முதலில் பழுப்பு வர்ணம் ஒன்றை மட்டும் டர்பன்டைனில் கரைத்து நிழலைப் போடச் சொன்னார். நிழல் தண்ணீர் மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும், வெளிச்சம் வெண்ணெய் மாதிரி தடிப்பாக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆளிவிதை எண்ணெய் கலந்த வர்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு வைக்க வேண்டும்.

காய்ந்த பிறகு! என் பொடிவர்ணம் ஒரு வெற்றிலை போடுவதற்குள் காய்ந்துவிடும். இங்கே அம்மாளின் ஒரு கன்னத்துக்காக நாள்கணக்கில் உட்கார்ந்து, மழையையும் காதர் பாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ட்யூபை மட்டும் மூடாமல் விட்டால் கல்லாகிவிடுமாம். காய வேண்டிய இடத்தில் காயாது, காயக்கூடாத இடத்தில் காயும். நாடகக் கம்பெனிச் சம்பளத்துக்கு அடுத்தபடியாக இப்படி ஒரு குணத்தை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மிஸ் லிம் சுவரிலிருந்த படத்தையும் என் கித்தானையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "நீங்கள் 'மூக்கு' என்று நினைத்துக்கொண்டு மூக்கு எழுதுகிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த மூக்கு. இப்போது இருப்பதை எழுதுங்கள்." அப்படித் திருப்பியதும் மூக்கும் இல்லை, அம்மாளும் இல்லை, பழுப்புத் திட்டு, மங்கல் திட்டு, ஒரு சிவப்பு. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயமில்லாமல் பிரஷை எடுத்தேன். பயப்பட அங்கே யாருமே இல்லையே! நோயாளிகளுக்குத்தான் பிடிக்கவில்லை. "அலமாக், அந்தப் பாட்டிக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிடும், பார்க்கிற எனக்கு வலி கூடுகிறது" என்று ஒரு மலாய்க்காரர் டாக்டரிடம் முறையிட்டார்.

முகம் பாதி வந்த நேரத்தில் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோயிற்று. சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். மிஸ் லிம்மும் இரண்டொரு நாள் ஊரில் இல்லை. கப்பல் நாள் நெருங்குகிறது என்ற பதற்றம் எனக்கு. பதற்றம் வந்தால் எனக்கு யோசனைகள் வரும், அதுதான் என் வாழ்க்கையின் கஷ்டம். எண்ணெய்தானே வேண்டும்? செல்லத்திடம் ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு போனேன். வர்ணம் என்ன வழவழப்பாக ஓடிற்று! கன்னம், நெற்றி, மோவாய் எல்லாம் ஒரே மூச்சில் முடித்தேன். அம்மாள் அப்போதுதான் தலைக்குக் குளித்தவள் போலப் பளபளத்தாள்.

அவள் பளபளத்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் ஈரம், அதற்கு மறுநாளும் ஈரம். காதர் பாய், "காஞ்சிருச்சா?" என்று விரலால் தொட்டுப் பார்த்து மூக்கில் ரேகை பதித்துவிட்டுப் போனார். இனி இங்கே வைத்தால் ஜொகூரின் ரேகை எல்லாம் அவள் மூக்கில் ஏறிவிடும் என்று பயந்து, கித்தானைத் தூக்கிக்கொண்டு மாணிக்கத்தின் வீட்டுக்கு வந்து, காற்று வருகிற ஹாலில், சாமி விளக்குக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்கு நெற்றி வேர்க்கிறது. சாமி விளக்குக்குப் பக்கத்தில்!

அன்று வெள்ளிக்கிழமை. செல்லம் விளக்கேற்றினார். பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி, பொட்டு இல்லாமல், பூ இல்லாமல். "விளக்கு வெச்ச நேரத்துல மூளியா இருக்கக் கூடாதுல்ல" என்று நெற்றியில் குங்குமம் வைத்து, சட்டத்தில் மல்லிகைச் சரம் ஒன்றைச் சாத்திவிட்டார். ஈர வர்ணம் குங்குமத்தை ஆசையோடு வாங்கிக்கொண்டது. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது டச்சுக்கார அம்மாள் சுமங்கலியாகியிருந்தாள். பூச்சரத்திலிருந்து இரண்டு இதழ் கன்னத்தில் ஒட்டியிருந்தன. எடுக்கப் போனேன். கன்னமும் கூடவே வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

நான் கவனிக்காத ஒன்று, அன்று சாயங்காலம் கல் கணக்கு சொல்ல வந்த ஒரு லாரி டிரைவர் வாசலோடு நின்று ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு, தலையிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனது. மாலை போட்ட படம், எரியும் விளக்கு, மங்கல் வெளிச்சம். அவர் ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. துக்க வீட்டில் கேட்பார்களா? அவர் லாரி ஓடுவது க்ளுவாங் போகிற ரோட்டில். வழியில் சிம்பாங் ரெங்கத்துக் கோப்பிக் கடையில் வண்டியை நிறுத்தி, மாணிக்கம் வீட்டில் ஒரு பொம்பளை போய்விட்டாள், மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை. மிஸ் லிம் என் பிரதியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். குங்குமத்துக்கு என்ன சமாதானம் சொல்வது என்று ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, மலாயில் குங்குமத்துக்கு என்ன சொல் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். செல்லம் சமையலறையில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். அப்போது தெருவில் ஓர் ஒப்பாரி கேட்டது.

முதலில் தூரத்தில், பிறகு கிட்டத்தில். எந்த வீட்டிலோ பாவம் என்று நினைத்தேன். ஒப்பாரி நம் வீட்டு வாசலில் திரும்பியது. அங்கம்மாள்! முந்தானை நழுவி, முடி அவிழ்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு வந்தார்.

"அடி எஞ் செல்லமே! எந் தம்பிக்கு வாழ வந்த மகராசி! ஒத்த வார்த்தைக்கு மொறச்சிக்கிட்டு ஒம் மூஞ்சிய பாக்காம இருந்திட்டேனே! ஒம் படிக்கத்துல நான் ஒரு வாட்டி துப்பியிருந்தா ஒம் மனசு குளுந்திருக்குமே, தாயி!"

செத்தது யார் என்று ஒரு நிமிஷம் நானே சந்தேகப்பட்டு, என்னையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சத்தம் கேட்டுக் கரண்டியோடு ஓடிவந்த செல்லம் வாசற்படியில் நின்றுவிட்டார். கரண்டியிலிருந்து குழம்பு சிமெண்டுத் தரையில் சொட்டியது. அவர் கவனிக்கவே இல்லை.

அங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தார். செல்லத்தைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், செல்லத்தின் கால் தரையில் பாவியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"அக்கா..." என்று அழ ஆரம்பித்தார் செல்லம்.

"நீ ஏண்டி அழுவுற? நான்தானே ஒனக்காக அழுதுட்டு வரேன். எட்டூருக்குக் கேக்கற மாதிரி அழுதாச்சு, பஸ்ஸுல ஒருத்தன் எனக்கு எழுந்து எடங்கூடக் குடுத்தான்!" பிறகு குரல் இறங்கியது. "அப்ப யாருடி போனது?"

செல்லம் கரண்டியால் சுவரைக் காட்டினார்.

அங்கம்மாள் கிட்டே போனார். தலையில் வெள்ளைத் துணி, நெற்றியில் குங்குமம், கன்னத்தில் மல்லிகை இதழ், மூக்கில் காதர் பாயின் ரேகை. வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு, வெள்ளக்காரியால்ல இருக்கா? ஒங்களுக்கு என்ன ஒறவு?"

அந்தச் சமயம் பார்த்து மிஸ் லிம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். மூக்கைக் கித்தானுக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். "என்ன எண்ணெய் இது?" என்று என்னைக் கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

செல்லத்துக்குக் கேள்வி புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையாக, "நம்ம தேங்காயெண்ணெய்தான். கலப்படமே இல்ல, நான் வீட்டுல காய்ச்சுனது" என்றார்.

மிஸ் லிம் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தேங்காயெண்ணெய் எந்தக் காலத்திலும் காயாது என்பதை அவர் மெல்லச் சொல்லி முடித்தபோது, அங்கம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "வெள்ளக்காரிக்கு எண்ணெய் தேச்சு, பொட்டு வெச்சு, பூவும் வெச்சாச்சு. இன்னுஞ் சீவி முடிஞ்சு விடலயா?" என்று கேட்டாரே, அவ்வளவுதான். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், அழவேண்டியவன் நான் ஒருவன்தான் என்றாலும்.

மாணிக்கம் எங்கிருந்தோ செய்தி கேட்டு ஓடிவந்தபோது அக்காள் புது வீட்டு ஹாலில் உட்கார்ந்து, கோப்பி குடித்துவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் செல்லம், கையில் படிக்கத்தோடு. மாணிக்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்தால் கலைந்துவிடும் என்று பயந்தவர் போல இருந்தது.

"வாடா. நான் உக்காந்துட்டேன். ஆனா படம் மட்டும் வேணாம். பாத்தில்ல, காயறதுக்குள்ளயே மாலைய போட்டுட்டா ஒம் பொண்டாட்டி."

மிஸ் லிம்முக்கு நான் அதை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் யோசித்துக்கொண்டே என் வர்ணப் பெட்டியிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, வெள்ளையைத் தொட்டு, டச்சுக்கார அம்மாளின் இரண்டு கண்ணிலும் ஊசிமுனை அளவுக்கு ஒவ்வொரு புள்ளி வைத்தார். "இது ஒன்றுதான் பாக்கி இருந்தது. கடைசியில் வைப்பது. இதை வைத்துவிட்டால் படம் முடிந்தது" என்றார். அதுவரைக்கும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எங்களைப் பார்த்தாள். செல்லம் ஒரு அடி பின்னால் போனார். நம் ஊரில் ஸ்தபதிகள் சிலைக்குக் கடைசியில் கண் திறப்பார்களே, அது நினைவுக்கு வந்து எனக்கும் புல்லரித்தது.

அங்கம்மாள் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"இப்பத்தான் முழிச்சா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏந் தம்பி, அந்தக் கண்ணுப் பொட்டு இல்லாட்டி படம் முடியலன்னுதானே அர்த்தம்?"

"ஆமாம்."

"முடியாத படத்துக்கு எவளும் மாலை போடமாட்டா. சரி, எழுது. எனக்கு அந்தப் பொட்ட மட்டும் வெக்காத. நான் போன பொறவு எந் தம்பி வெக்கட்டும்."

மாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுவரில் இருந்தவள் அவரைப் பார்த்தாள்.

சிங்கப்பூரிலிருந்து ஆளிவிதை எண்ணெய் வந்தது. என்னுடைய புதுப் பயம் என்னவென்றால், உயிருள்ள முகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைக்க முடியாது. கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அங்கம்மாள் ஒரு நிமிஷம் அசையாமல் இருக்கமாட்டார். மெல்லுவார், துப்புவார், தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு ஊர் விசாரிப்பார், என் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "இவ்ளோ கறுப்பாவா இருக்கேன்? இருக்கேன், இருக்கேன், எழுது" என்பார். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். அப்போது ஒன்று தெரிந்தது. கன்ன எலும்புக்குக் கீழே இறங்கும் நிழல், உதட்டோரத்தில் மடியும் தோல், முந்தானையின் வெள்ளை மோவாய்க்கு அடியில் அனுப்பும் வெளிச்சம் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. பல் டாக்டர் வீட்டில், அலறல்களுக்கு நடுவே, இந்த இடங்களில் நான் ஏற்கனவே நடந்திருக்கிறேன். நிறம்தான் வேறு. அந்த டச்சுக்காரரின் கை எங்கே மெல்லிசாகப் போயிற்றோ, அங்கே என் கையும் தானாக மெல்லிசாகப் போயிற்று. அவர் பெயரைக்கூட எனக்குச் சரியாக உச்சரிக்க வராது. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

மிஸ் லிம் முடிந்த படத்தை, அதாவது முடியாத படத்தைப் பார்த்தார். காதை மட்டும் கொஞ்சம் திருத்தச் சொன்னார். காதர் பாய் அன்றைக்குத்தான் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டும் சம்பந்தமில்லாத விஷயங்கள் என்றாலும் எனக்கு ஒன்றாகவே நினைவில் இருக்கின்றன.

டச்சுக்கார அம்மாளைச் சுரண்டிவிட்டுக் கித்தானை மறுபடி உபயோகிக்கலாம் என்றேன். பூ வைத்த படத்தைச் சுரண்டக் கூடாது என்று செல்லம் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டார். தாளிப்புப் புகையில் அவள் அங்கே ஈரமாகவே இருக்கிறாள்.

புறப்படும் அன்று மாணிக்கத்தின் கையில் மெல்லிய பிரஷையும் அந்த வெள்ளை ட்யூபையும் கொடுத்தேன். எங்கே வைக்க வேண்டும் என்று படத்தில் இடம் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. ட்யூபை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகித் திருகிப் பார்த்தார். இறுக்கினாரா, தளர்த்தினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் எங்கள் பழைய ஆர்மோனியக்காரர் மலாயாவுக்கு வேறொரு கம்பெனியோடு போய்த் திரும்பினார். ஜொகூரில் மாணிக்கம் வீட்டில் சாப்பிட்டாராம்.

"ஹால்ல உம்ம படத்தப் பாத்தேன் ஓய். நல்லாத்தான் எழுதியிருக்கீர். ஆனா கண்ணுல என்னமோ ஒண்ணு கொறையுது. கப்பல் அவசரத்துல விட்டுட்டீர் போலிருக்கு. அந்தப் பெரியம்மா வெத்தலைய மென்னுக்கிட்டு, தானே ஸ்டூல் போட்டு ஏறி அதத் துடைக்கிறாங்க. துடைச்சிட்டுக் கண்ணுகிட்ட மூஞ்சிய வெச்சு உத்துப் பாக்குறாங்க, யாரும் கை வெச்சிருக்காங்களான்னு!"

என் வேலையில் ஒருவர் கண்டுபிடித்த குறை எனக்கு இத்தனை சந்தோஷத்தைத் தந்ததில்லை. ஆர்மோனியக்காரருக்கு அன்று நானே காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு தடவை திறந்த ட்யூப். மூடி சரியில்லையென்றால் இத்தனை வருஷத்தில் உள்ளே வெள்ளை கல்லாகியிருக்கும். இனி யார் நினைத்தாலும் அதிலிருந்து ஒரு புள்ளி எடுக்க முடியாது.

காயட்டும்.